மாமியின் மாத்திரையும் றொசல்ல அட்டையும்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாவற்றையும் சொன்னார்கள். மாப்பிள்ளை சாது, மாமியாருக்கு ஒரே பிள்ளை, குடியிருக்கிற லயத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர் கொட்டுகிற பீலி, றொசல்ல ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம். அட்டையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

நான் உடப்புசல்லாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அங்கே குளிர் உண்டு, காற்று உண்டு, ஆனால் மழை வந்தால் பெய்துவிட்டுப் போய்விடும். றொசல்லயில் மழை வந்தால் குடித்தனம் நடத்தும். வைகாசியில் தொடங்கினால் ஆவணி வரை துணி காயாது, விறகு எரியாது, சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். அந்த மாதங்களில் தேயிலைச் செடிக்கு அடியில், புல்லில், கல்லில், எங்கே பார்த்தாலும் அட்டை தலையைத் தூக்கி ஆடிக்கொண்டு நிற்கும். கல்யாணமாகி வந்த முதல் வைகாசியில் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன அன்று, என் கெண்டைக்காலில் தொங்கியதைப் பார்த்துக் கூடையை வீசிவிட்டு நான் போட்ட கூச்சலை அந்தத் தோட்டத்தில் வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார்கள்.

என் மாமியார்தான் ஓடி வந்தார். உப்புத் துணியால் ஒரு தட்டு, அட்டை விழுந்தது.

"கத்தாத புள்ள. அது குடிக்கிறது ஒரு சொட்டு. நீ கத்துற கத்துக்கு ஒடம்புல உள்ள ரத்தமெல்லாம் வத்திப்போகும்" என்றார்.

அதுதான் மாமி. அப்போது அவருக்கு நாற்பதைத் தாண்டி இரண்டொரு வயது இருக்கலாம். நாடு சுதந்திரம் வாங்கிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த காலம் அது. மாமனார் என் கல்யாணத்துக்கு வெகுகாலம் முன்பே இறந்துவிட்டார். கொழுந்து பறித்தே மகனை வளர்த்தவர் மாமி. அவர் கை செடிக்கு மேலே போவது கண்ணுக்குத் தெரியாது, கூடை நிறைவதுதான் தெரியும். ஆனால் ஏற்றத்தில் நடந்தால் நடுவில் நின்று மூச்சு வாங்குவார். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்ததாம், அதிலிருந்து இருதயத்தில் ஒரு சத்தம் இருக்கிறதாம். இதைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் யாரோ எப்போதோ சொன்னார்கள், மாமி அதைக் காதில் போட்டுக்கொண்டு அப்படியே விட்டுவிட்டார்.

கல்யாணமான அடுத்த வருஷம், ஒரு நாள் காலையில் பெரட்டுக் களத்தில், பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புகிற நேரத்தில், மாமி பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். வலது கால் வெள்ளைவெளேரென்று ஆகிவிட்டது. தொட்டுப் பார்த்தேன், பீலித் தண்ணீர் மாதிரிச் சில்லென்று இருந்தது. வலியில் அவர் உதட்டைக் கடித்ததில் உதடே பிய்ந்துவிட்டது. தோட்டத்து லொறியில் ஏற்றிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கிருந்து கண்டிப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கால் போய்விடும் என்று நானும் என் புருஷனும் நினைத்தோம். போகவில்லை. கடவுள் புண்ணியம், டாக்டர் புண்ணியம், இரண்டையும் சொல்லத்தான் வேண்டும்.

டாக்டர் சிங்களவர், கண்டி மலைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். நான் பிறந்த ஊரில் தோட்டத்துக்குக் கீழேயே சிங்களக் கிராமம் என்பதால் எனக்குச் சிங்களம் வரும். அதனால் மாமிக்கு நான்தான் வாய். டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னார், நான் மாமிக்குச் சொன்னேன். இருதயத்தில் ஒரு கதவு இறுகிப் போயிருக்கிறது, அதனால் இரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகிறது, அந்தக் கட்டியில் ஒரு துணுக்குத்தான் புறப்பட்டுப் போய்க் காலுக்குப் போகிற குழாயை அடைத்தது. இன்னொரு துணுக்கு மூளைக்குப் போனால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதைத் தடுக்க இரத்தம் சட்டென்று உறையாமல் வைக்கிற ஒரு மாத்திரை இருக்கிறது. தினமும் போட வேண்டும். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. மாதாமாதம் வந்து இரத்தம் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும்.

"காயம் பட்டால் இரத்தம் நிற்க நேரமாகும். பயப்பட வேண்டாம். மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். பெரிய காயம் பட்டால் மட்டும் உடனே வாருங்கள்" என்றார். கீரையைக் கூட்டவும் கூடாதாம், குறைக்கவும் கூடாதாம், எப்போதும் சாப்பிடுகிற அளவுக்கே சாப்பிட வேண்டுமாம். கீரையில் இருக்கிற ஒரு சத்து மாத்திரையோடு மல்லுக்கு நிற்கும் என்றார்.

மலையில் கொழுந்து பறிக்கலாமா என்று கேட்டேன். மெதுவாக நடந்தால் பறிக்கலாம், கத்தி பிடிக்கிற வேலைக்கு மட்டும் போகக் கூடாது என்றார். அட்டையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அட்டை எங்களுக்கு மழை மாதிரி. மழை பெய்கிறது என்று டாக்டரிடம் போய் யார் சொல்வார்கள்?

வெயில் மாதங்கள் நன்றாகவே போயின. மாதம் ஒரு நாள் றொசல்லயில் ரயில் ஏறுவோம், மாமி கையில் ஊசி குத்தி இரத்தம் எடுப்பார்கள், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னைத் திட்டுவார், பிறகு சாயந்திர ரயிலில் திரும்புவோம். ஜன்னல் ஓரம் கிடைத்துவிட்டால் மாமிக்கு அது சுற்றுலா. வருகிற வழியில் தெரிகிற ஒவ்வொரு தோட்டத்திலும் கொழுந்து எப்படி இருக்கிறது, செடிகளைக் கவ்வாத்து ஒழுங்காக வெட்டியிருக்கிறார்களா என்று அபிப்பிராயம் சொல்லிக்கொண்டே வருவார். உலகத்தில் அவருக்குப் பிடித்த தேயிலை எங்கள் தோட்டத்துத் தேயிலை ஒன்றுதான்.

பிறகு வைகாசி வந்தது.

முதல் கடி விழுந்த நாளை நான் மறக்கவில்லை. அட்டையைத் தட்டிவிட்ட பிறகும் இரத்தம் நிற்கவில்லை. எங்களுக்கெல்லாம் கொஞ்ச நேரம் கசிந்து காய்ந்துவிடும். மாமிக்குக் காலைத் தேநீர் நேரத்தில் விழுந்த கடி, மத்தியானக் கொழுந்து நிறுக்கும்போதும் வடிந்துகொண்டிருந்தது. ஒன்றா இரண்டா? கடி கடியாக. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கு சிவந்துபோய், நடந்த வழியெல்லாம் ஈரப் புல்லில் திட்டுத் திட்டாக இரத்தம். மறுநாளும் அப்படி, அதற்கு அடுத்த நாளும் அப்படி. மாமியின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. எங்கள் வேலையை மேற்பார்க்கிற கங்காணி பார்த்துவிட்டு, "இந்தா பாரு, தொரை கண்டா பேர வெட்டிருவாரு. மழை முடியிற வரைக்கும் வீட்டுல இரு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் மழை என்பது அங்கே நாலு மாதம்.

என் புருஷன் அதையே வேறு மாதிரிச் சொன்னார். "நாங்க ரெண்டு பேரும் வேல செய்யிறோமே, நீங்க இருந்தா என்னம்மா?"

மாமிக்கு வந்ததே கோபம். "காம்பராவுக்குள்ள குந்தி இருந்து சுவத்தப் பாக்கவா என்னய ஆஸ்பத்திரியில பொழைக்க வச்சீங்க? அதுக்கு அந்தக் கட்டி மூளைக்கே போயிருக்கலாம்" என்றார். அவர் சும்மா சொல்கிற ஆள் இல்லை. மலைக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளிலேயே அவர் குட்டியைத் தொலைத்த பூனை மாதிரி லயத்து வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அட்டையைத் தடுக்க நாங்கள் செய்யாததில்லை. சவர்க்காரம் தேய்த்தோம், மழையில் கரைந்தது. புகையிலைத் தண்ணீர் தடவினோம், அதுவும் போனது. சாக்கை வெட்டிக் காலுக்கு உறை தைத்துக் கட்டினேன். தைத்து முடித்தபோது என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. சாயந்திரம் அவிழ்த்துப் பார்த்தால், நனைந்த சாக்குக்குள்ளே அட்டைகள் குடும்பத்தோடு குடியிருந்தன. மாமி அந்த உறையை அடுப்பில் போட்டுவிட்டு, "ஒங்க ஊர்ல இப்பிடித்தான் அட்டைக்கு வீடு கட்டிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. நல்ல காரியம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மாமியின் இரத்தம் நிற்க ஆரம்பித்தது. கடித்தால் எங்களைப் போலவே கொஞ்ச நேரம் கசியும், நிற்கும். கங்காணிக்குச் சந்தோஷம். "ஒடம்பு தேறிருச்சு" என்றார். பக்கத்து லயத்துக்காரர்கள் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டது பலித்துவிட்டது என்றார்கள். நானும் பூ வாங்கிக் கொண்டுபோய்க் கோயிலில் வைத்தேன்.

அடுத்த வாரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் மாமி எனக்கு முன்னால் நின்றார். குதிகாலுக்கு மேலே அப்போதுதான் ஒரு அட்டை கடித்து விழுந்திருந்தது. எனக்கும் அதே நேரத்தில் ஒன்று கடித்திருந்தது. என் கடி இன்னும் ஈரமாக இருந்தது, அவருடையது காய்ந்துவிட்டது. காயம் பட்டால் இரத்தம் நிற்க நேரமாகும், மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிற்கிறது என்றால் மாத்திரை வேலை செய்யவில்லை. ஏன் வேலை செய்யவில்லை? கூடையைக் கொட்டிவிட்டு மாமிக்குப் பின்னாலேயே பீலிக்குப் போனேன்.

பீலியில் கால் கழுவும்போது கேட்டேன்.

"மாமி, மாத்தர போடுறீங்களா?"

"போடுறேனே."

"என் தலையில அடிச்சு சொல்லுங்க."

அவர் அடிக்கவில்லை. அடுத்த காலையும் தண்ணீரில் நீட்டிக் கழுவினார். பிறகு, "ஆஸ்பத்திரிக்குப் போற வாரம் போட்டுக்கிறேன் புள்ள. மத்த நாளு அடுப்புல போட்டுருவேன். மழ முடிஞ்சதும் ஒழுங்காப் போடுறேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. பீலியில் நின்ற பெண்களெல்லாம் குடத்தை வைத்துவிட்டுப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். டாக்டரை ஏமாற்றுகிறீர்கள், மகனை ஏமாற்றுகிறீர்கள், அந்தக் கட்டி மழை முடியட்டும் என்று காத்திருக்குமா, நாளைக்குக் காலையிலேயே புறப்பட்டால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்டேன். மாமி ஒன்றே ஒன்றுதான் திருப்பிக் கேட்டார்.

"மாத்தர போட்டா மலைக்கு விடமாட்டாங்க. போடாட்டி செத்துருவேன்னு சொல்ற. ரெண்டுல எது நல்லதுன்னு நீயே சொல்லு."

கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். இராத்திரி நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மாமி மட்டும் நன்றாகச் சாப்பிட்டார், அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மாமியின் கேள்விக்குப் பதில் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயேதான் இருந்தது. அட்டைக்காட்டில் நடக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. ஒற்றையடிப் பாதையில் வரிசையாகப் போகும்போது, முதலில் போகிறவளின் காலடி பட்டுத்தான் அட்டை விழிக்கும். அது தலையைத் தூக்குவதற்குள் அவள் தாண்டிவிடுவாள். இரண்டாவதாக வருகிறவள்தான் மாட்டிக்கொள்வாள். பாதையில் முதலில் போகிறவளுக்கே மலையில் முதல் நிரையும். பாதையை ஒட்டிய அந்தச் செடி வரிசையில் புல் குறைவு. அங்கே மாமி போனால், மாத்திரையும் போடலாம், மலைக்கும் வரலாம்.

ஆனால் முதல் நிரை கங்காணியின் பெண்சாதிக்கு. அது சட்டம் இல்லை, அதைவிடக் கெட்டியான வழக்கம். அவர்தான் முன்னால் நடப்பார். மலையில் கால் வைத்ததும் அவர்தான் கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, முதல் கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போட்டு, "பொலியோ பொலி" என்று குரல் கொடுப்பார். விளைச்சல் பெருகட்டும் என்பதற்காக. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் செடியில் கை வைக்கலாம். தீட்டு நாட்களில் அவர் குரல் கொடுக்க மாட்டார், வேறு ஒருவரை விடுவார். அவ்வளவு சுத்தம் பார்க்கிற காரியம்.

மறுநாள் காலையில் பெரட்டுக் களத்திலேயே கங்காணியிடம் கேட்டுவிட்டேன். "நாளையிலருந்து எங்க மாமி முன்னால போகட்டுங்க."

கங்காணி சிரித்தார். பக்கத்தில் நின்ற அவர் பெண்சாதி சிரிக்கவில்லை. மாமியை விட மூத்தவர், கனத்த உடம்பு, கனத்த குரல். மாமியும் அவரும் ஒருவரையொருவர் மதினி என்று கூப்பிட்டுக்கொள்வார்கள், ஆனால் கொஞ்சிக் குலாவுகிற மதினிமார் இல்லை.

"எதுக்கு?" என்று கங்காணி பெண்சாதி கேட்டார்.

சொன்னேன். மாமி கையைப் பிடித்து இழுக்க இழுக்க, எல்லார் முன்னாலும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாத்திரையை அடுப்பில் போட்டது வரைக்கும்.

கங்காணி பெண்சாதி என்னையும் பார்த்தார், மாமியின் காலையும் பார்த்தார். "அது சரி. ரத்தம் வடிய வடிய முன்னால நின்னு பொலி போடுறதா? மலை தாங்குமா? நாளைக்கு கொழுந்து கொறஞ்சா யாரக் கேக்குறது?"

"அட்ட கடிச்ச ரத்தம் தீட்டுன்னா, இந்தத் தோட்டத்துல ஒரு பொம்பளயும் மலைக்கு வர முடியாதுங்க" என்றேன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கங்காணி, "போதும், போதும், மலைக்குப் போங்க" என்று விரட்டினார். அன்றைக்கு மாமி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. "என் மானத்த பெரட்டுக் களத்துல காயப் போட்டுட்டாளே" என்று மகனிடம்தான் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி. ஆனால் சாயந்திரம் என் கண்ணுக்கு முன்னால் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். அந்த மட்டும் எனக்கு நிம்மதி.

அடுத்த நாள் மழை ஊற்றியது. தலைக்குமேல் கொங்காணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு பாதை வாசலில் போய் நின்றால், கங்காணி பெண்சாதி முன்னால் போகாமல் ஓரத்தில் ஒதுங்கி நின்றார்.

"போ மதினி" என்றார்.

மாமி திகைத்துப் போனார். "பொலி?"

"அத நான் வந்து போட்டுக்கிறேன். அதுக்கு வாய்தானே வேணும், காலு எதுக்கு?"

அப்படித்தான் அந்த வழக்கம் இரண்டாகப் பிரிந்தது. பாதையில் மாமி முன்னால் போவார். மலை தொடங்குகிற இடத்தில் செடியைத் தொடாமல் நிற்பார். கங்காணி பெண்சாதி பின்னாலேயே வந்து, கும்பிட்டு, முதல் கொழுந்தைப் போட்டுப் பொலி சொல்லிவிட்டு, இரண்டாவது நிரையில் இறங்குவார். மாமி முதல் நிரை. தொடக்கத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். அந்த வருஷம் கொழுந்துக்கு ஒரு குறையும் வரவில்லை, முணுமுணுப்பும் நின்றது.

மாமிக்கு அட்டை அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். எப்போதாவது ஒன்று பிடிக்கும். பிடித்தால் வெகுநேரம் வடியும். அப்படி வடிவதைப் பார்க்கும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் வரும், வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். மாமியாரின் காலில் இரத்தம் நிற்கவில்லையே என்று மகிழ்ந்த மருமகள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கங்காணி பெண்சாதிக்கு இரண்டாவதாக வரும்படி யாரும் சொல்லவில்லை. முதலிடத்தைக் கொடுத்தாலும் அதற்கு அடுத்த இடத்தையாவது விட மாட்டேன் என்கிற வீம்பு அது என்றுதான் நான் நினைத்தேன். பெரிய இடத்துப் பொம்பளை, பின்வரிசைக்குப் போவாளா என்று என் புருஷனிடம் கேலியும் பேசினேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலிலிருந்து அட்டையை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுவார். "ஒன் அட்டைக்கும் சேத்து நான்தான் சோறு போடுறேன் மதினி" என்று மாமியைச் சத்தம் போடுவார். மாமி, "கொழுத்த ஒடம்புதானே, கொஞ்சம் கொறையட்டும்" என்பார். எல்லோரும் சிரிப்போம்.

இப்படியே நாலைந்து மழைக்காலம் போனது. எனக்கு ஒரு பெண் பிறந்தாள், கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு நானும் மலைக்குப் போனேன். மாமி ஒரு நாளும் மாத்திரையைத் தவறவிடவில்லை. கட்டி எதுவும் புறப்படவில்லை. மூச்சு வாங்கினாலும் ஏறினார், பறித்தார், என்னைத் திட்டினார்.

பிறகு கால் வலிக்க ஆரம்பித்தது. முன்பு போல ஒரேயடியாக இல்லை. கொஞ்சத் தூரம் ஏறினால் கெண்டைக்கால் பிடிக்கும், நின்றால் விடும். ஆஸ்பத்திரியில் சொன்னோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். அடுத்த மாதம் வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். படம் எடுத்தவரிடம் நான் விடாமல் நச்சரித்துக் கேட்டதில், இரத்தக் குழாயில் சுண்ணாம்புச் சத்து படிந்திருக்கிறது போலத் தெரிகிறது என்று மட்டும் சொன்னார்.

அதைக் கேட்டுவிட்டுத்தான் மாமி சாயந்திர ரயிலில் ஏறினார். வட்டவளை ஸ்டேஷன் தாண்டியதும் மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்தார், அதிலிருந்த சுண்ணாம்பு டப்பாவை ஜன்னலுக்கு வெளியே வீசினார். "இத்தன வருசமா தின்னது அங்க போயி ஒட்டியிருக்கு" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மாதம் முழுக்க வெற்றிலை போடவில்லை. வெற்றிலை இல்லாத மாமியோடு ஒரு காம்பராவுக்குள் இருப்பது சாதாரணக் காரியம் இல்லை. கைக்குழந்தைகூட அவரைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டது.

மறுமாதம் போனபோது டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். காலெலும்புக்குப் பக்கத்தில் இன்னொரு மெல்லிய எலும்பு போல ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. அதுதான் இரத்தக் குழாய். குழாய் தெரியக் கூடாது, சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிவிட்டதால் தெரிகிறது என்றார். வெற்றிலைச் சுண்ணாம்பைப் பற்றிக் கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வெற்றிலையோடு போடுகிற புகையிலையைத்தான் விட வேண்டும் என்றார். நான் மொழிபெயர்த்ததும் மாமி, "இத போன மாசமே சொல்றதுக்கென்ன?" என்று டாக்டரை முறைத்தார்.

ஏன் அப்படிப் படிந்தது என்று அன்றைக்கு அவருக்கும் தெரியவில்லை. இந்தக் காலத்து டாக்டர் ஒருவர் எனக்குச் சொன்னார், கீரையில் இருக்கிற அந்தச் சத்துதான் சுண்ணாம்பை எலும்போடு நிறுத்தி, குழாய்க்குள் தங்காமல் பார்க்கிறதாம். அந்த மாதிரி மாத்திரை கீரைச் சத்தின் கையைக் கட்டிவிடுவதால், நெடுங்காலம் சாப்பிட்டவர்களுக்குக் குழாயில் சுண்ணாம்பு படிய இடமுண்டாம். மாமிக்கு அதனால் வந்ததா, புகையிலையால் வந்ததா, பழைய காய்ச்சலின் வினையா, இனி யாரும் சொல்ல முடியாது. உயிரைக் காத்ததே காலை இறுக்கியும் இருக்கலாம் என்று கேட்டபோது எனக்கு மனம் கனத்தது. ஆனால் அந்த மாத்திரை இல்லாவிட்டால் என் பெண் பாட்டி முகத்தையே பார்த்திருக்க மாட்டாள். அதையும் நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்கு டாக்டர் சொன்னது இதுதான். படிந்ததை எடுக்க முடியாது, மெதுவாக நடந்தால் காலுக்கு உடனே ஆபத்தில்லை, ஆனால் இருதயத்துக்கான மாத்திரை ஆயுள் முழுக்க வேண்டும்.

ஆயுள் முழுக்க என்பதை நான் தமிழில் சொன்னதும் மாமியின் முகம் விழுந்துவிட்டது. என்றைக்காவது ஒரு நாள் போதும் என்று சொல்லிவிடுவார்கள் என்றுதான் இத்தனை வருஷமும் அவர் எதிர்பார்த்திருக்கிறார்.

"நிப்பாட்டச் சொல்லு புள்ள. குத்திக் குத்திக் கையில எடமில்ல. ரயில்கோச்சி ஏறி ஏறி அலுத்துப்போச்சு. இருக்கிற வரைக்கும் இருக்கிறேன்" என்றார்.

நான் பதறிப்போய், டாக்டரிடம் அதைச் சொல்லாமல் மாமியோடு சண்டை பிடித்தேன். டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குனிந்து மாமியின் காலைப் பார்த்தார். பழைய கடித் தழும்புகள் கொஞ்சம் இருந்தன.

"இது அட்டை கடித்த தழும்பு அல்லவா? இந்த மாத்திரையோடு அட்டைக்காட்டில் இத்தனை வருஷம் எப்படி வேலை செய்தார்?" என்று ஆச்சரியத்தோடு கேட்டார்.

மாமிக்கு அந்தக் கேள்வி விளங்கிவிட்டது. தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் தானே பதில் சொன்னார், நான் முன்னால் போகிறேன் என்று.

டாக்டர் தலையை ஆட்டினார். கிராமத்து மனிதர், உடனே பிடித்துக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பி, "சரி, முன்னால் போகிறவரை அட்டை விட்டுவிடும். அப்படியானால் இவருக்குப் பின்னால் வருவது யார்?" என்று கேட்டார்.

நான் மாமியிடம் அதைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டேன். இத்தனை மழைக்காலமும் வீம்பு என்று நான் கேலி பேசிய அந்தக் கனத்த கால்கள் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

மாமி அழவில்லை. மிச்சக் கேள்வியைத் தானே விளங்கிக்கொண்டார்.

"மதினிதான். அவ கால்ல எடமே இல்ல புள்ள, அம்புட்டுத் தழும்பு" என்றார். "அதப் பாத்துக்கிட்டு நான் எப்பிடி நிப்பாட்டுறது? மாத்தரய எழுதச் சொல்லு."

டாக்டர் பேனாவை எடுத்தார்.